அற்புதச் செய்தியை அச்சுக்கு அனுப்புமுன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் நாளிதழ்களின் சென்னைப் பக்கங்களில் ஒரு வகைச் செய்தி தவறாமல் வந்துவிடும். அம்மன் சிலை வியர்க்கிறது, மாதா கண்ணீர் வடிக்கிறார், சாமி படத்திலிருந்து விபூதி கொட்டுகிறது, பக்தர்கள் திரண்டனர் என்று நான்கு பத்தி, ஒரு படம். தங்கள் நாளிதழும் இதற்கு விலக்கில்லை. நிருபர் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் ஏழெட்டு இருக்கும். ஒன்றைக்கூடக் கேட்ட தடயம் செய்தியில் இருக்காது. பள்ளிகளில் 'மந்திரமா, தந்திரமா' நிகழ்ச்சி நடத்தும் அறிவியல் ஆசிரியர்களும் மருத்துவர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம். எங்களில் கோயிலுக்குப் போகிறவர்கள் உண்டு, ஞாயிறு பூசைக்குத் தவறாதவர்கள் உண்டு, ஐந்து வேளை தொழுகிறவரும் உண்டு. கடவுள் உண்டா என்ற வழக்கை இங்கே இழுக்கவில்லை. சிலைமேல் நின்ற தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதற்குப் பதில் தேட அரை மணி நேரம் போதும் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வியர்க்கும் சிலையை எடுத்துக்கொள்வோம். மழைக்காலத்தில் சென்னையில் 29 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் சாதாரணம். அந்தக் காற்று 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தப் பொருளைத் தொட்டாலும் அதன்மேல் நீர் படியும். ராத்திரி முழுக்க 22 டிகிரியில் ஏசி ஓடிய பூஜைக் கூடத்தையோ சிற்றாலயத்தையோ காலையில் திறந்தவுடன் கடற்காற்று உள்ளே வருகிறது, சிலை வியர்க்கிறது. ஏசியே இல்லாத கருவறையிலும் இது நடக்கும். இரண்டு மூன்று நாள் மழையில் குளிர்ந்துபோன கருங்கல் லேசில் சூடேறாது. வெளிக்காற்று மாறிய பிறகும் கல் பல மணி நேரம் குளிர்ந்தே இருக்கும்.

அப்படியானால் பக்கத்துத் தூண் ஏன் வியர்க்கவில்லை என்று கேட்பார்கள். பெரும்பாலும் அதுவும் வியர்த்திருக்கும், யாரும் தடவிப் பார்த்திருக்க மாட்டார்கள். சொரசொரப்பான தூணில் ஈரம் மெல்லிய படலமாகப் பரவிக் கண்ணுக்குத் தெரியாமல் போகும். வருடக்கணக்காக எண்ணெய்க்காப்பு வாங்கிய வழவழப்பான சிலையிலோ தண்ணீர் ஒட்டாமல் முத்து முத்தாகத் திரண்டு நிற்கும். போதாததற்கு, அபிஷேகத் தேனும் பஞ்சாமிர்தமும் மூக்கோரத்திலும் கண் மடிப்பிலும் கொஞ்சம் தங்கியிருக்கும். சர்க்கரைப் பசை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், எனவே அங்கேதான் முதலில் கசியும். அந்த நீர் நெற்றிக் குங்குமத்தைக் கரைத்துக்கொண்டு இறங்கினால் இரத்தக் கண்ணீர். கற்பூரப் புகைக்கரியைக் கரைத்தால் கறுப்புக் கண்ணீர்.

சோதனை எளிது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்று, அதே அறையில் ராத்திரி முழுக்க இருந்த எவர்சில்வர் செம்பு ஒன்று. சிலையோடு செம்பும் வியர்த்தால் விஷயம் முடிந்தது. ஏசியை நிறுத்தி, கதவைத் திறந்து வைத்து, சிலையைத் துடைத்துவிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கலாம். கல் அறையின் வெப்பத்துக்கு வந்ததும் வியர்வை நிற்கும். இத்தனைக்குப் பிறகும் கண்ணில் மட்டும் நீர் வந்தால் சிலையைத் தூக்கிப் பார்க்க அனுமதி கேளுங்கள். இத்தாலிய வேதியியலாளர் லூயிஜி கார்லாஸ்கெல்லி செய்து காட்டியது இது: நீரை உறிஞ்சும் பொருளாலான, உள்ளே கூடான உருவம்; வெளியே நீர் கசியாத பூச்சு; தலையில் கண்ணுக்குத் தெரியாத துளை வழியே நீர்; கண்ணோரத்தில் மட்டும் ஊசியால் பூச்சைச் சுரண்டல். நீர் அங்கே மட்டும் துளிர்க்கும். பூதக்கண்ணாடியில் அந்தக் கீறல் தெரியும்.

எல்லாவற்றையும் இப்படித் தீர்த்துவிடலாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பரங்கிமலைக் கல் சிலுவை 1558ஆம் ஆண்டு டிசம்பர் 18 தொடங்கி 1704 வரை பலமுறை இரத்தம் வியர்த்ததாக அங்குள்ள மரபு. மழைக்காலத்துக் கடைசி, குன்றின் உச்சி, கல் என்றெல்லாம் நாம் யூகிக்கலாம். அன்று சோதித்துப் பார்த்த பதிவு நம் கையில் இல்லை, இன்று சோதிக்கச் சிலுவை வியர்ப்பதும் இல்லை. இரு தரப்பும் அடித்துப் பேச அங்கே எதுவுமில்லை. சோதிக்கக்கூடிய நாளில் சோதிக்காமல் விட்டால் இதுதான் மிஞ்சும்.

கேழ்வரகில் நெய் வடிகிறதென்றால் கேட்பவருக்கு மதி எங்கே போயிற்று என்று நம் ஊரில் சொல்வார்கள். 1995 செப்டம்பர் 21 அன்று ஒரே பகலில் டெல்லி தொடங்கி லண்டன் வரை பிள்ளையார் பால் குடித்தார். அன்று வாட்ஸ்அப் கிடையாது, தொலைபேசியே போதுமானதாக இருந்தது. விளிம்பு வரை பால் நிரப்பிய கரண்டியைத் தும்பிக்கை நுனியில் ஒட்ட வைத்து லேசாகச் சாய்த்தால், பரப்பு இழுவிசையால் குவிந்து நின்ற பால் சிலையைத் தொட்டவுடன் இழுபட்டு, மெல்லிய படலமாக வயிற்றுப் பக்கம் இறங்கிவிடும். வெள்ளைப் பளிங்குச் சிலையில் வெள்ளைப் பால் எப்படித் தெரியும்? மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையினர் பாலில் வண்ணம் கலந்து கொடுத்தார்கள். வழிந்தோடிய பாதை பளிச்சென்று தெரிந்தது. ஒரு சிட்டிகை குங்குமம் இருந்தால் எந்த நிருபரும் இதைச் செய்யலாம். கரண்டி சிலையைத் தொடாமல் ஒரு நூல் இடைவெளி விட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள், பிள்ளையார் உடனே நோன்பிருக்கத் தொடங்கிவிடுவார். 2006 ஆகஸ்டில் இதே கதை மறுபடி கிளம்பியபோது 11 ஆண்டுக்கு முந்தைய விளக்கத்தை நினைவில் வைத்திருந்தவர்கள் மிகக் குறைவு.

அதே 2006 ஆகஸ்டில் மும்பை மாஹிம் கடல் நீர் இனிக்கிறது என்று பிள்ளைகளுக்குப் புட்டியில் பிடித்துக் கொடுத்தார்கள். மழைவெள்ளம் கலந்து உப்புக் குறைந்திருந்த அந்த நீரில் சாக்கடையும் கலந்திருந்தது. 2012இல் அதே நகரின் இர்லா பகுதி மாதா ஆலயத்தில் இயேசுவின் சிலுவை உருவத்தின் பாதத்திலிருந்து நீர் சொட்டியது. பக்தர்கள் அதை வாங்கிக் குடித்தார்கள். பகுத்தறிவாளர் சனல் எடமருகு போய்ப் பார்த்து, அருகிலிருந்த கழிவறை வடிகால் அடைபட்டிருப்பதையும், தேங்கிய நீர் சுவரின் நுண்துளைகள் வழியே ஏறிச் சிலுவையை எட்டுவதையும் கண்டுபிடித்தார். மத உணர்வைப் புண்படுத்தியதாக அவர்மேல் இந்தியத் தண்டனைச் சட்டம் 295ஏ பிரிவில் புகார்கள் குவிந்தன. அவர் பின்லாந்துக்குப் போனவர் போனவர்தான். சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்ததற்கு விலை இது. இதனாலேயே தனியாளைவிட ஒரு பத்திரிகை கேட்பது நல்லது என்கிறோம்.

மேடை வித்தைகளை வேகமாகக் கடந்துவிடலாம். எலுமிச்சையில் இரத்தம் வருவது கத்தியில் முன்கூட்டியே தேய்த்து உலரவிட்ட செம்பருத்திச் சாறு. புளிப்பு பட்டதும் சிவக்கும். மஞ்சள் நீர் இரத்தமாவது சுண்ணாம்பால். ஆரத்தி கரைக்கத் தெரிந்த எந்தப் பெண்ணும் இதற்கு ஏமாறக் கூடாது. மந்திரம் சொன்னதும் ஓமகுண்டம் தானே பற்றிக்கொள்வது பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் மேல் 'நெய்' என்று ஊற்றப்படும் கிளிசரின். உடனே பற்றாது, சில நொடி தாமதிக்கும், அந்த இடைவெளியில்தான் மந்திரம் உரக்க ஒலிக்கும். வெறுங்கையில் வரும் விபூதி, கஞ்சி விட்டுப் பிசைந்து உருட்டிக் காயவைத்துக் கட்டைவிரல் இடுக்கில் ஒளித்த சிறு உருண்டை. படத்தில் கொட்டும் விபூதிதான் கவலைக்குரியது. அலுமினியச் சட்டத்தில் மெர்குரிக் குளோரைடு கரைசலைத் தடவினால் சட்டம் அரித்து, சாம்பல் நிறத்தில் பஞ்சுபோலப் பொடி பூக்கும். சாம்பல் உதிர்வதை எல்லோரும் பார்க்கலாம், யாரும் தொடவில்லை என்பதும் உண்மை. அந்தப் பொடியில் பாதரச நஞ்சு இருக்கிறது. அதைக் குழந்தை நாக்கில் வைக்கிறார்கள். ஆகவே இத்தகைய செய்தியில் 'பக்தர்கள் பிரசாதமாகப் பெற்றுச் சென்றனர்' என்ற வரி வருமுன் சட்டம் மரமா, அலுமினியமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மரச்சட்டமாக இருந்தால் இந்த வழியில் விபூதி வராது.

ஆடி மாதத் தீமிதியை வித்தையோடு சேர்க்க மாட்டோம். அங்கே ஏமாற்று இல்லை. மரக்கரி வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும், மேலே சாம்பல் போர்த்தியிருக்கும், ஒவ்வோர் அடியும் ஒரு நொடிக்கும் குறைவாகவே படும். சீராக நடந்தால் பெரும்பாலும் கொப்புளம் வராது. நடுவில் தயங்கி நின்றால், ஓடித் தடுக்கினால், ஈரக் காலில் கங்கு ஒட்டிக்கொண்டால், குழியில் ஆணியோ தகரமோ கிடந்தால் புண் வரும். விரதம் இருந்தாரா இல்லையா என்று கரி பார்ப்பதில்லை. காயம்பட்டவரை 'சுத்தமில்லாமல் இறங்கியவர்' என்று ஊர் ஏசுவது வேறு கொடுமை. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்குவதைப் படம் பிடித்துப் போடுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

எங்களுக்கு உண்மையான கவலை சுகமளிக்கும் கதைகளைப் பற்றியது. சிலை வியர்த்தால் யாருக்கும் உயிர் போகாது. ஜெபக் கூட்டத்தில் சொல்லப்படும் சாட்சி, தர்காவில் ஓதி ஊதிய தண்ணீர், அருள்வாக்குக்குப் பின் குணமான நீரிழிவு ஆகியவற்றில் போகும்.

எல்லாக் கதைகளுக்கும் ஒரே முதல் வரி: "டாக்டர்கள் கைவிட்டுவிட்டார்கள்." எந்த மருத்துவமனை, எந்தத் தேதி, என்ன நோய் என்று டிஸ்சார்ஜ் சம்மரியைக் கேட்டால் பாதிக் கதை அங்கேயே நின்றுவிடும். புற்றுநோய் என்றால் பயாப்சி அறிக்கை வேண்டும். ஸ்கேனில் தெரிந்த கட்டியும் வீங்கிய நெறியும் (நிணநீர் முடிச்சு) மட்டும் புற்றுநோய் ஆகிவிடாது. கழுத்து நெறியில் வரும் காசநோயைப் பார்த்து முதலில் புற்றுநோயோ என்று சந்தேகிப்பது இந்த ஊரில் நடப்பதுதான், அது மருந்தில் கரையும். முன் ஸ்கேனும் பின் ஸ்கேனும் ஒரே ஆளுடையதா, இடையில் கீமோ ஓடியதா என்று பார்க்க வேண்டும். சாட்சி சொல்பவர்கள் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. ஆபரேஷனும் ஜெபமும் சேர்ந்து நடந்தது முதல் முறை சொல்லும்போது இரண்டுமாகவே வரும். கேட்பவர்கள் எந்த இடத்தில் 'அல்லேலூயா' சொல்கிறார்கள் என்பது சொல்பவருக்குத் தெரிந்துவிடும். நாலாவது மேடையில் ஆபரேஷன் ஒரு வரியாகச் சுருங்கும், பிரார்த்தனை இதழில் அச்சாகும்போது அந்த வரியும் இடமில்லாமல் போகும்.

தானாக ஏறி இறங்கும் நோய்கள்தாம் அற்புதங்களுக்கு விளைநிலம். மூட்டுவாதம் சில மாதம் அடங்கும், பிறகு கிளம்பும். ஐந்து மில்லிமீட்டருக்கும் சிறிய சிறுநீரகக் கல் பெரும்பாலும் தானே வெளியேறும். வலிப்பு மாதக்கணக்கில் வராமல் இருக்கும். ஹெபடைடிஸ் ஏ மஞ்சள் காமாலை பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானே தீரும். கையை மந்திரித்துச் சுண்ணாம்பு நீரில் கழுவியதும் நீர் மஞ்சளாவது, மந்திரிப்பவர் தன் கையில் முன்கூட்டியே தடவிக்கொண்ட மாம்பட்டைச் சாற்றால். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதர் வேண்டுதலுக்குப் போவார். உச்சத்துக்குப் பிறகு இறக்கம்தானே. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை இது.

இதன் விளைவு எங்கே கெடுகிறது என்று சொல்கிறோம். காசநோய்க்கு வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். மாத்திரை தொடங்கிச் சில வாரங்களில் காய்ச்சலும் இருமலும் குறைந்து பசி எடுக்கும். அந்த வாரத்தில் ஒரு கூட்டத்துக்குப் போனால் சுகம் அங்கே கிடைத்ததாக ஆகிவிடும், மாத்திரை நிற்கும். உள்ளே மிச்சமிருக்கும் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறித் திரும்பலாம், வீட்டில் இருக்கும் குழந்தைக்கும் அதே கிருமி தொற்றலாம். முதல் வகை நீரிழிவுள்ள பிள்ளைக்கு இன்சுலினை நிறுத்தினால் இரண்டொரு நாளிலேயே இரத்தம் அமிலமாகி வாந்தி, மூச்சிரைப்பு, மயக்கம் என்று போகும். வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் அடுத்தடுத்து நிற்காமல் வலிப்பு வரலாம். செத்தவர் மேடையேறிச் சாட்சி சொல்ல மாட்டார். கூட்டத்துக்குப் போனவர்களில் எத்தனை பேர் குணமானார்கள் என்று பார்ப்பதற்குப் போகிறவர்கள் பட்டியல் வேண்டும், மேடையேறியவர்கள் பட்டியல் பயன்படாது.

மேடையில் நடப்பதையும் கவனிக்கலாம். சக்கர நாற்காலியிலிருந்து எழுந்து நடந்தவர் அதில் உட்கார்ந்தபடியே வீட்டிலிருந்து வந்தாரா, வாசலில் தொண்டர்கள் உட்கார வைத்தார்களா? குட்டையான கால் நீளுகிறது என்றால் செருப்பையும் ஷூவையும் கழற்றச் சொல்லுங்கள். குதிகாலிலிருந்து ஷூவை ஒரு விரல் வெளியே இழுத்துவிட்டுத் திரும்பத் தள்ளுவதுதான் அந்த வித்தை. முன்பின் தெரியாதவரின் பெயரையும் நோயையும் சொல்லி அழைத்த அமெரிக்க மதப் பிரசங்கியார் பீட்டர் பாப்பாஃப் காதில் சின்ன ரேடியோ இருந்தது. வாசலில் பூர்த்தி செய்து வாங்கிய ஜெப அட்டைகளை அவர் மனைவி 39.17 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் படித்துக் கொடுத்ததை 1986இல் மேடை மாயவித்தைக்காரரான ஜேம்ஸ் ராண்டி ஒலிப்பதிவு செய்து வெளியிட்டார். இங்கே ரேடியோ வேண்டியதில்லை. முன்பதிவுப் படிவத்தில் 'வேண்டுதல்' என்றொரு கட்டம் இருந்தால் போதும்.

கேள்வி கேட்பது நாத்திகம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். கத்தோலிக்கத் திருச்சபையே இந்த விஷயத்தில் நம் நிருபர்களைவிடக் கறார். பிற்பாடு 14ஆம் பெனடிக்ட் என்ற பெயரில் போப் ஆன லாம்பெர்த்தினி 18ஆம் நூற்றாண்டிலேயே நிபந்தனைகள் எழுதிவைத்தார்: நோய் கடுமையானதாக இருக்க வேண்டும், தானே குறையும் கட்டத்தில் இருந்திருக்கக் கூடாது, குணத்துக்குக் காரணமான மருந்து கொடுக்கப்பட்டிருக்கக் கூடாது, குணம் சட்டென்றும் முழுமையாகவும் இருந்து, திரும்பி வராமல் நிலைக்க வேண்டும். பிரான்சின் லூர்து திருத்தலத்தில் மருத்துவக் குழு இதை ஒட்டித்தான் பார்க்கிறது. 1858 முதல் அங்கே பதிவான குணமடைதல்கள் சுமார் 7,000. 2018 வரை திருச்சபை அற்புதமாக ஏற்றவை 70. அந்த எழுபதும் அற்புதம்தானா என்று வாதிடலாம், அது வேறு பேச்சு. புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டத்தை அன்னை தெரசாவுக்குத் தர அற்புதமாக ஏற்கப்பட்ட வங்காளப் பெண்ணின் வயிற்றுக்கட்டி காசநோய் மருந்தில் கரைந்தது என்று அவருக்குச் சிகிச்சை தந்த மருத்துவர்களே சொன்னதும் பதிவில் இருக்கிறது. ஆனாலும் நூற்றுக்கு ஒன்றை மட்டும் ஏற்கும் வடிகட்டி அவர்களிடம் இருக்கிறது. நம் செய்தி அறைகளில் அது இல்லை.

2004 டிசம்பர் 26, சுனாமி நாள். சாந்தோம் ஆலயத்துக்குப் பின்னால் இருக்கும் தோமையார் கம்பம் கடலை நிறுத்தியது என்ற கதை அதற்குப் பிறகு சென்னையில் நிலைத்துவிட்டது. அந்தக் கம்பம் நிற்கும் இடத்துக்குக் கடற்கரையிலிருந்து படியேறித்தான் வர வேண்டும். மேட்டில் நிற்பதைத் தண்ணீர் எட்டவில்லை. பள்ளத்தில் மணலோடு ஒட்டியிருந்த மீனவர் குப்பங்களை எட்டியது. அன்று ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். வேளாங்கண்ணியிலும் ஆலயத்துக்குள் தண்ணீர் வரவில்லை என்று சொல்வார்கள், உண்மைதான். அதே காலையில் அதே மாதாவைப் பார்க்க வந்து, கடற்கரையில் நின்றிருந்த யாத்திரிகர்கள் நூற்றுக்கணக்கில் மாண்டார்கள். அந்தக் குடும்பங்களில் ஒன்றை எதிரே வைத்துக்கொண்டு 'மாதா காப்பாற்றினார்' கதையை யாராவது சொல்வார்களா?

இனித் தங்களிடம் வேண்டுவது. 1954ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டத்தில் தாயத்து, மந்திரம், கவசம் ஆகியவையும் 'மாயத் தீர்வு' என்ற சொல்லுக்குள் அடக்கம். நீரிழிவு, புற்றுநோய், வலிப்பு போன்ற நோய்களைத் தீர்ப்பதாக இவற்றை விளம்பரம் செய்வது குற்றம். அதை வெளியிடுவதில் பங்கெடுப்பவருக்கும் பொறுப்பு உண்டு. முதல் முறை தண்டனை ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஞாயிறு மலரின் வரி விளம்பரப் பக்கத்தை விளம்பரப் பிரிவினர் இந்தச் சட்டத்தின் நோய்ப் பட்டியலோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கட்டும். மூன்றாவது பத்தியைத் தாண்ட வேண்டியிருக்காது.

செய்தியைப் போடவே வேண்டாம் என்று கேட்கவில்லை. கூட்டம் கூடினால் அது செய்திதான். 'சிலை வியர்த்தது' என்று எழுதுவதற்குப் பதில் 'வியர்ப்பதாகப் பக்தர்கள் கூறினர்; அறையில் ஏசி இருந்தது; சோதனைக்கு நிர்வாகம் அனுமதி தரவில்லை' என்று எழுதலாம். அனுமதி மறுத்ததையும் எழுதுங்கள், அதுவும் தகவல்தான். கேரளத்தின் திருவல்லாவில் பிறந்து இலங்கையில் வாழ்ந்த பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர், ஏமாற்றுக்கு இடமில்லாத நிபந்தனைகளில் அற்புதம் காட்டுபவருக்கு ஒரு லட்சம் இலங்கை ரூபாய் தருவதாக அறிவித்தார். 1978இல் அவர் இறக்கும்வரை அந்தப் பணத்தை யாரும் வாங்கவில்லை. கோவை போத்தனூர் பிரேமானந்த் அதே வேலையை 2009 வரை ஊர் ஊராகச் செய்துவந்தார். 'சாமியார் சவாலை ஏற்கவில்லை' என்ற ஒரு வரிச் செய்திக்கும் பத்திரிகையில் இடம் உண்டு.

சுகமடைந்தவர் என்று ஒருவரைப் படத்தோடு போட்டால், ஆறு மாதம் கழித்து அவரை நிருபர் திரும்பப் போய்ப் பார்க்கட்டும். மாத்திரை சாப்பிடுகிறாரா, சர்க்கரை அளவு என்ன, இருக்கிறாரா என்று கேட்டு, அதே பக்கத்தில் அதே அளவில் போடுங்கள். அடுத்த மழைக்கு ஏதாவது சிலை வியர்த்தால் எங்களுக்குச் சொல்லியனுப்புங்கள். ஈரப்பதமானி, பூதக்கண்ணாடி, செம்பு, குங்குமம் எல்லாம் எங்களிடமே இருக்கின்றன. சென்னைக்குள் எங்கே என்றாலும் சொந்தச் செலவில் வருகிறோம்.

இப்படிக்கு,
அறிவியல் ஆசிரியர்கள், மருத்துவர்கள் சிலர்
மயிலாப்பூர், சென்னை